ஒப்பந்தங்கள் இருக்கட்டும், முதலில் ஒரு பெட்டியைச் சுற்றுக்கு விடுங்கள்

அதிர்வு, இரைச்சல் பொறியியலில் பல நாடுகள் சேர்ந்து செய்யும் ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும் குழுக்களுக்கும், அந்தப் பணத்துக்கு விண்ணப்பம் எழுதும் ஆய்வகத் தலைவர்களுக்கும் வணக்கம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அடுத்த முறை கூட்டு ஆராய்ச்சிக்கு அழைப்பு விடும்போது அதில் ஒரு நிபந்தனையைச் சேருங்கள். பங்கேற்கும் எல்லா ஆய்வகங்களும் முதல் ஆண்டிலேயே ஒரே பொருளை அளக்க வேண்டும். அளந்த மூலத் தரவை, எப்படி அளந்தோம் என்ற முழுக் குறிப்போடு, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட வேண்டும். ஒரே மாதிரியான பொருள் என்று சொல்லவில்லை, அதே பொருள். ஓர் அலுமினியச் சட்டமோ, இரண்டு தகடுகளை போல்ட் போட்டு இணைத்த ஒரு துண்டோ, ஒரு சின்ன கியர்பாக்ஸோ, எதுவாகவும் இருக்கட்டும். அதைப் பெட்டியில் போட்டு ஒரு லேபிலிருந்து அடுத்த லேபுக்கு அனுப்புங்கள். என் கோரிக்கை இவ்வளவுதான், மீதியெல்லாம் ஏன் என்ற விளக்கம்.

இப்போது நடப்பது உங்களுக்கும் தெரியாததல்ல. நான்கு நாடுகள், ஆறேழு நிறுவனங்கள், புரிந்துணர்வு ஒப்பந்தம், கைகுலுக்கும் படம், தொடக்கக் கூட்டம். அப்புறம் அவரவர் இடத்துக்குத் திரும்பிப் போய், அவரவர் சோதனை மேடையில் அவரவர் மோட்டாரை ஓட்டி, அவரவர் சாஃப்ட்வேரில் போட்டு, ஆளுக்கொரு அத்தியாயம் எழுதுவார்கள். கடைசி மாதத்தில் யாரோ ஒரு முனைவர் பட்ட மாணவர் தூக்கம் கெட்டு எல்லா அத்தியாயங்களையும் ஒரே எழுத்துருவுக்கு மாற்றி ஒட்டுவார், அறிக்கை தயார். இந்த மாதிரி ஓர் அறிக்கையில் நானும் வேலை பார்த்திருக்கிறேன். அதில் இரண்டு ஆய்வகங்கள் சொன்ன தணிப்பு விகிதங்கள் (அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று காட்டும் எண்) ஒன்றோடொன்று கொஞ்சமும் ஒட்டவில்லை. யாருடையது சரி என்று கேட்கவும் வழியில்லை, ஏனென்றால் இருவரும் அளந்தது வேறு வேறு பொருள். இரண்டு எண்களும் அடுத்தடுத்த அத்தியாயங்களில் சமாதானமாக உட்கார்ந்துகொண்டன. மதிப்பீட்டாளர்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அதிர்வை அளப்பது என்றால் சென்சாரை ஒட்டினோம், கம்பியைச் செருகினோம், எண் வந்தது என்று தோன்றும். கொஞ்சம் கிட்டத்தில் வந்து பாருங்கள். ஓர் ஆக்சிலரோமீட்டரை, அதாவது அதிர்வின் முடுக்கத்தை அளக்கும் சென்சாரை, தகட்டில் திருகாணி போட்டு முறுக்கினால் உயர் அதிர்வெண்கள் வரை தெம்பாக நம்பலாம். காந்தத்தில் ஒட்டினால் வேலை சுலபம், ஆனால் அந்த நம்பிக்கை சீக்கிரமே கைவிட்டுவிடும். தேன்மெழுகை விரலில் உருட்டி மெல்லிசாகத் தடவி அழுத்தினால் அழகாகப் பிடிக்கும், ஆனால் வெப்பம் 40 டிகிரியை நெருங்கினால் இளகும், தடிமனாக வைத்துவிட்டால் அந்த மெழுகே ஒரு குட்டி ஸ்பிரிங்காகிவிடும். சென்சாரின் கம்பியை டேப் போட்டு ஒட்டாமல் தொங்கவிட்டால் அதன் ஆட்டமும் சிக்னலில் ஏறும். பொருளை ரப்பர் கயிற்றில் தொங்கவிட்டீர்களா, பஞ்சுத் திண்டில் வைத்தீர்களா, சுத்தியலின் முனை ரப்பரா எஃகா, ஒரே இடத்தில் தட்டினீர்களா அல்லது கை கொஞ்சம் நகர்ந்துவிட்டதா... இயல்பு அதிர்வெண், அதாவது தட்டிவிட்டால் பொருள் தானாக அதிரும் வேகம், இதற்கெல்லாம் பெரிதாக அசைந்துகொடுக்காது. தணிப்பு அப்படியில்லை. ஒரு லேசான அலுமினியச் சட்டத்துக்குச் சொந்தமான தணிப்பு மிகச் சொற்பம், அதனால் கம்பி உரசுவது, கயிறு இழுப்பது, சுற்றியிருக்கும் காற்று எல்லாமே அந்த எண்ணில் பங்கு கேட்கும். போல்ட் போட்ட இணைப்பு இருந்தால் இன்னும் மோசம்: கழற்றித் திரும்ப மாட்டினாலே வேறு எண் வரும், எவ்வளவு பலமாகத் தட்டினீர்கள் என்பதைப் பொறுத்தும் மாறும்.

இதெல்லாம் ஆய்வுக் கட்டுரையில் வராது. கட்டுரையில் "ஆக்சிலரோமீட்டர் பொருத்தப்பட்டது" என்று ஒரே வரி இருக்கும். இந்த விஷயங்கள் வெளியே வர எனக்குத் தெரிந்து ஒரே வழிதான்: அதே பொருளை இன்னொருவர் அளந்து, வேறு எண் வந்து, இருவரும் தொலைபேசியில் "நீங்கள் எப்படி ஒட்டினீர்கள்?" என்று கேட்டுக்கொள்வது. கூட்டு ஆராய்ச்சி என்று நான் நினைப்பது அந்த உரையாடலைத்தான்.

இது ஒன்றும் என் கற்பனை இல்லை, ஏற்கெனவே செய்து பார்த்திருக்கிறார்கள். 1990-களின் நடுவில் கார்ட்யூர் என்ற ஐரோப்பிய விமானவியல் ஆராய்ச்சிக் கூட்டமைப்பு ஒரு சோதனை மாதிரியைச் சுற்றுக்கு விட்டது. பிரான்சின் ஒனேரா நிறுவனம் உருவாக்கியது அது. விமானத்தின் வடிவில், சிறகு முனைக்கு முனை 2 மீட்டர், எடை சுமார் 44 கிலோ. நெருக்கமான அதிர்வெண்களில் பல அதிர்வு வடிவங்கள் (பொருள் வளைந்து ஆடும் விதங்கள்) வரும்படி வேண்டுமென்றே வடிவமைத்திருந்தார்கள், ஏனென்றால் பகுப்பாய்வு முறைகள் தடுமாறும் இடமே அதுதான். ஐரோப்பாவின் 12 ஆய்வகங்கள் அந்த ஒரே மாதிரியை அவரவர் பாணியில் அளந்தன. பிறகு உலகின் பல பல்கலைக்கழகங்கள் அதே வடிவத்தைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டன; புதிதாக ஒரு முறையைக் கண்டுபிடிப்பவர்கள் இன்றும் அதில் சோதித்துக் காட்டுகிறார்கள். எத்தனை கூட்டுத் திட்டங்களின் இறுதி அறிக்கைக்கு இப்படி ஓர் ஆயுள் வாய்த்திருக்கிறது என்று உங்கள் அலமாரியைத் திறந்து பார்த்துச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு நாட்டிலும் அளவுகளின் தரத்தைக் காக்கும் அளவியல் நிறுவனங்களுக்கும் இது பழகிய விஷயம். 1999-ல் பாரிஸில் தேசிய அளவியல் நிறுவனங்கள் பரஸ்பர அங்கீகார ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டன. ஒரு நாட்டின் அளவுத்திருத்தச் சான்றிதழை (கருவி சரியாக அளக்கிறது என்று சரிபார்த்துத் தரும் சான்று) இன்னொரு நாடு ஏற்பதற்கு அதுதான் அடிப்படை. ஆனால் வெறும் கையெழுத்தோடு நிற்கவில்லை, அதே ஆக்சிலரோமீட்டரை நாடு நாடாக அனுப்பி, எல்லோரும் அளந்து, யார் எவ்வளவு விலகியிருக்கிறார்கள் என்று பெயர் போட்டே வெளியிடுகிறார்கள். தங்கள் நாட்டின் எண் மற்றவர்களோடு ஒத்துப்போகவில்லை என்று பகிரங்கமாகத் தெரிவதை அவர்களால் தாங்கிக்கொள்ள முடிகிறது. நமக்கு மட்டும் ஏன் முடியாது?

இரைச்சல் பக்கம் நிலைமை இன்னும் வேடிக்கை. ஒலி உறிஞ்சும் பொருட்களை எதிரொலி அறையில் (சுவர்கள் ஒலியைத் திரும்பத் திரும்ப எதிரொலிக்கும் அறை) அளக்க ஐஎஸ்ஓ 354 என்ற தரநிலை இருக்கிறது. அறையின் கன அளவு குறைந்தது 150 கன மீட்டர், மாதிரியின் பரப்பு 10 முதல் 12 சதுர மீட்டர் என்று எல்லாம் சொல்லியிருக்கிறது. அப்படியே பின்பற்றினாலும் நல்ல கண்ணாடிக் கம்பளிக்கு உறிஞ்சல் கெழு (விழுந்த ஒலியில் உறிஞ்சிய பங்கு) 1-ஐத் தாண்டி வருவது சகஜம். அதாவது, தன்மேல் விழுந்த ஒலியைவிட அதிகமாக உறிஞ்சிவிட்டது! விளிம்புகளில் ஒலி வளைந்து நுழைவதால் வரும் கோளாறு அது, எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் 1 என்று திருத்தி எழுதிக்கொண்டு போகிறோம். ஒரே மாதிரியைப் பல அறைகளில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் கண்ணைக் குத்தும். டயர் சத்தமும் இதே கதைதான். சோதனைத் தடத்தின் மேற்பரப்பு எப்படி இருக்க வேண்டும் என்று ஐஎஸ்ஓ 10844 வரையறுக்கிறது. அதன்படியே போட்ட இரண்டு தடங்களில் அதே டயர் வேறு வேறு டெசிபல் காட்டியதால்தான் பின்னாளில் அந்தத் தரநிலையையே இறுக்கித் திருத்தினார்கள். ஒலியின் ஆற்றல் இரட்டிப்பானால் ஏறுவது 3 டெசிபல்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். சட்ட வரம்பை ஒன்றிரண்டு டெசிபல் குறைக்க அரசுகளும் தொழிற்சாலைகளும் ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டுகின்றன. அதே அளவு வித்தியாசம் தார்ச்சாலையிலேயே ஒளிந்திருக்கிறது.

சரி, அளவீட்டுப் பிரச்சினையைக் கொஞ்சம் ஒதுக்கி வைப்போம். ஒரு நாட்டில் தெரிந்தது இன்னொரு நாட்டுக்குப் போய்ச் சேராமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு லண்டன் மில்லினியம் பாலத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது. 2000-ம் ஆண்டு ஜூன் 10-ம் தேதி திறந்தார்கள். கூட்டம் ஏறியதும் பாலம் பக்கவாட்டில் ஆட ஆரம்பித்தது, மக்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு காலை அகட்டி வைத்து நடந்தார்கள், இரண்டே நாளில் மூடவேண்டியதாயிற்று. நடக்கும்போது ஒவ்வொருவரும் இடதும் வலதுமாக லேசாகத் தள்ளுகிறோம். பாலம் கொஞ்சம் அசைந்தால் நாமே அறியாமல் அந்த அசைவோடு ஒத்துப்போகிறோம், அதனால் தள்ளல் கூடுகிறது, அசைவும் கூடுகிறது. ஆட்டத்தை அடக்கவேண்டிய தணிப்பையே கூட்டம் தின்றுவிடுகிறது. ஆட்கள் ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தாண்டும்வரை ஒன்றுமே தெரியாது, தாண்டியதும் திடீரென்று கிளம்பும். அன்றைய பிரிட்டிஷ் விதித்தொகுப்பு நடைபாலங்களில் செங்குத்து அசைவைத்தான் கவனிக்கச் சொன்னது, பக்கவாட்டைப் பற்றி மூச்சுவிடவில்லை.

ஆனால் இது அதுவரை உலகம் காணாத விஷயமா? இல்லை. ஜப்பானில் ஒரு நடைபாலம் கூட்டத்தில் இப்படியே பக்கவாட்டில் ஆடியதை அளந்து, மக்களின் நடை பாலத்தோடு எப்படி ஒத்துப்போகிறது என்பதை 1993-லேயே கட்டுரையாக வெளியிட்டிருந்தார்கள். வெளிவந்தது நிலநடுக்கப் பொறியியல் இதழ் ஒன்றில். நடைபாலம் வடிவமைப்பவர் அந்த இதழைப் புரட்டுவாரா? 1975-ல் நியூசிலாந்தின் ஆக்லாந்து துறைமுகப் பாலத்தை ஓர் ஊர்வலம் கடந்தபோது அதுவும் ஆடியிருக்கிறது. மில்லினியம் பாலத்துக்கு ஆறு மாதம் முன்பு, 1999 டிசம்பரில், பாரிஸில் சொல்ஃபெரினோ நடைபாலம் திறந்த கையோடு இதே காரணத்துக்காக மூடப்பட்டது. இத்தனை இருந்தும், இத்தனையும் தனித்தனியாக இருந்தன.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் உங்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பாலத்தை வடிவமைத்த அரூப் நிறுவனம், வழக்கமாக நிறுவனங்கள் செய்வதுபோல வழக்கறிஞர்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளவில்லை. பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து ஆட்களை நடக்கவைத்துச் சோதித்தார்கள், பாலத்தின் மேலேயே கூட்டத்தை ஏற்றி அளந்தார்கள், நடப்பவர்களின் விசை பாலத்தின் திசைவேகத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது என்று கண்டதைக் கணக்கோடும் வரைபடத்தோடும் வெளியிட்டார்கள். ஆட்டத்தை அடக்க, திரவத்தால் இயங்கும் பாகுநிலைத் தணிப்பான்களும், எதிர்த்து ஆடும் எடைகளான இசைவித்த நிறைத் தணிப்பான்களும் பொருத்தி 2002 பிப்ரவரியில் பாலத்தைத் திரும்பத் திறந்தார்கள். இன்று எங்கே நடைபாலம் கட்டினாலும் பக்கவாட்டு அசைவைச் சரிபார்க்காமல் விடமாட்டார்கள். எந்த ஒப்பந்தமும் கையெழுத்தாகாமலே நடந்த சர்வதேசக் கூட்டு ஆராய்ச்சி இது, வேறென்ன சொல்வது? மானம் போன பிறகுதான் நடந்தது என்பது ஒன்றே குறை.

திட்டமிட்டே அப்படிச் செய்த உதாரணமும் உண்டு. சுவிட்சர்லாந்தில் இசட்24 என்ற நெடுஞ்சாலை மேம்பாலம், எப்படியும் இடிக்கப்போகும் பாலம். இடிப்பதற்கு முன் 1997 முதல் 1998 வரை ஏறக்குறைய ஓராண்டு சென்சார்களை வைத்துத் தொடர்ந்து கவனித்தார்கள், பிறகு வேண்டுமென்றே படிப்படியாகச் சேதப்படுத்தினார்கள்: தூணைச் சில சென்டிமீட்டர் இறக்கினார்கள், கான்கிரீட்டைப் பெயர்த்தார்கள், கான்கிரீட்டை இறுக்கிப் பிடித்திருக்கும் முன்னழுத்தக் கம்பிகளை அறுத்தார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அளந்து, தரவை ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். அதில் தெரியவந்த முக்கியமான விஷயம் சேதத்தைப் பற்றியதே அல்ல. குளிர் உறைநிலைக்குக் கீழே போனதும் மேலே போட்ட தார் இறுகி, பாலத்தின் இயல்பு அதிர்வெண் விறுவிறுவென்று ஏறிவிட்டது. பருவநிலையால் வரும் அந்த மாற்றத்துக்கு முன்னால் சேதத்தால் வரும் மாற்றம் சின்னதாகத் தெரிந்தது. அதிர்வெண் மாறினால் பாலத்தில் கோளாறு என்று எளிமையாக எழுதிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் அதற்குப் பிறகு வெப்பநிலையைக் கணக்கில் எடுத்தே ஆகவேண்டியதாயிற்று. அந்தப் பாலம் இடிந்து கால் நூற்றாண்டு கடந்துவிட்டது, தரவு இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

தரவைத் திறந்துவிட்டால் மட்டும் போதுமா என்றால், போதாது. பேரிங் கோளாறு கண்டுபிடிப்பதில் இருப்பவர்களுக்கு அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தின் தரவு மனப்பாடம். 2 குதிரைத்திறன் மோட்டார், பேரிங்கில் மின்பொறி இயந்திரத்தால் செயற்கையாகப் போட்ட குழிகள், விநாடிக்கு 12,000 அல்லது 48,000 முறை அளந்த பதிவுகள். இலவசமாகக் கிடைப்பதால் உலகம் முழுக்க இதையே எடுத்து, எந்திரக் கற்றல் மாதிரிகளைப் பழக்கி, 99 சதவீதம் துல்லியம் என்று கட்டுரை போடுகிறார்கள். ஒரே பேரிங்கின் ஒரே பதிவைத் துண்டு துண்டாக வெட்டி, பாதியைப் பயிற்சிக்கும் மீதியைச் சோதனைக்கும் வைத்தால் 99 ஏன் வராது? 2015-ல் ஸ்மித், ராண்டல் என்ற ஆராய்ச்சியாளர்கள் இருவரும் பொறுமையாக உட்கார்ந்து அந்தப் பதிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, சிலவற்றில் கோளாறின் அடையாளமே தெளிவாக இல்லை, சில பதிவுகளிலேயே பிசகு இருக்கிறது என்று எழுதினார்கள். அதற்குப் பிறகும் 99 சதவீதக் கட்டுரைகள் நின்றபாடில்லை. தரவைக் கொடுத்தவர்கள் மேல் எனக்குத் துளியும் குறையில்லை, அவர்கள் கொடுத்ததால்தான் இந்தத் துறையே நடக்கிறது. ஒரே ஒரு மேடையின் தரவை நம்பி உலகமே உட்கார்ந்திருப்பதுதான் குறை. அதே பேரிங் தொகுதி ஐந்தாறு ஆய்வகங்களில், வேறு வேறு அடித்தளத்தில், வேறு வேறு சுமையில் ஓடியிருந்தால் எந்த முறை நிற்கும், எது விழும் என்று ஒரு மதியத்தில் தெரிந்துவிடும்.

இனி நடைமுறை. பெட்டியை அனுப்புவதுதான் இந்த வேலையில் கடினமான பகுதி என்று சொன்னால் சிரிப்பீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு சோதனைச் சட்டம் சுங்கக் கிடங்கில் மாதக்கணக்கில் கிடந்தது. "இது என்ன இயந்திரம், எதற்குப் பயன்படும்?" என்று கேட்ட அதிகாரிக்கு, "எதற்கும் பயன்படாது ஐயா, அளக்க மட்டும்தான்" என்று பதில் சொன்னால் அவர் எந்தப் படிவத்தில் அதை எழுதுவார்? தற்காலிக இறக்குமதிக்கு ஏடிஏ கார்னே என்ற ஆவணம் இருக்கிறது, ஓராண்டு செல்லும், ஆனால் எல்லா நாடுகளும் அந்த ஏற்பாட்டில் இல்லை. ஷேக்கர், அதாவது பொருளை அதிரவைக்கும் கருவி, பக்கம் போனால் ஏற்றுமதிக் கட்டுப்பாடு வந்து நிற்கும். 20 ஹெர்ட்ஸ் முதல் 2 கிலோஹெர்ட்ஸ் வரை 10 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் பத்து மடங்கு) அளவுக்கு அதிரவைத்து 50 கிலோநியூட்டன் விசை தரக்கூடிய டிஜிட்டல் கட்டுப்பாட்டு அமைப்புகள் ஏவுகணைத் தொழில்நுட்பப் பட்டியலில் வருகின்றன, உரிமம் இல்லாமல் நகர்த்த முடியாது. அதனால் கருவியை நகர்த்தாமல் பொருளை நகர்த்துங்கள் என்கிறேன். அதற்கும் போக்குவரத்து, காப்பீடு, காகித வேலை பார்க்க ஓர் ஆள், பெட்டி அடிபட்டால் திரும்பச் செய்ய ஒரு நகல் எல்லாம் வேண்டும். உங்கள் பட்ஜெட் படிவத்தில் இதற்கு ஒரு வரி கிடையாது. பயணச் செலவுக்கு உண்டு, உபகரணத்துக்கு உண்டு, பொருளின் பயணத்துக்கு இல்லை.

கம்பெனிகள் தரவைத் திறக்க ஒத்துக்கொள்ளாது என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். அவர்களுடைய கியர்பாக்ஸை யாரும் கேட்கவில்லை. யாருக்கும் சொந்தமில்லாத, வரைபடம் பொதுவில் இருக்கிற ஒரு பொருளை அளக்கச் சொல்கிறேன். தங்கள் சப்ளையரின் லேப் சொல்லும் எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று தெரிவதில் அவர்களுக்குத்தான் லாபம் அதிகம்.

அதைவிடக் கனமான இன்னொரு ஆட்சேபம் இருக்கிறது: ஏற்கெனவே அளந்த பொருளைத் திரும்ப அளப்பதில் என்ன புதுமை, இதை வைத்து மாணவர் எப்படிப் பட்டம் வாங்குவார்? இங்கே பந்து உங்கள் கையில்தான் இருக்கிறது. புதுமை என்ற கட்டத்துக்கு நீங்கள் போடும் மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் ஆய்வகத் தலைவர் மாணவருக்கு வேலை கொடுக்கிறார். ஒப்பீட்டு அளவீட்டையும் அதன் தரவுத் தொகுப்பையும் ஒரு முழு ஆய்வு வெளியீடாக எண்ணுவோம் என்று நீங்கள் எழுதிவைத்தால் நாளைக்கே நிலைமை மாறும்.

வசதி குறைந்த ஆய்வகங்களைப் பற்றியும் சொல்லாமல் விடமுடியாது. கூட்டுத் திட்டங்களில் அவர்களுக்குக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் தெருவில் நின்று இரைச்சலை அளந்து அனுப்பும் வேலைதான், பகுப்பாய்வும் முதல் ஆசிரியர் பெயரும் வேறு எங்கோ. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2018-ம் ஆண்டு வழிகாட்டுதல் சாலைப் போக்குவரத்து இரைச்சலுக்குப் பகல்-மாலை-இரவுச் சராசரி 53 டெசிபல் என்று சொல்கிறது. அது ஐரோப்பிய வட்டாரத்துக்காக எழுதியது. அதை அப்படியே எடுத்து ஹாரன் சத்தமும், இரவு பகலாகத் திறந்திருக்கும் ஜன்னலும், வேறு மாதிரிக் கட்டடங்களும் உள்ள இடங்களுக்குப் பொருத்துவது சரியா என்று கேட்க அந்த இடங்களின் ஆய்வாளர்கள் மேசையில் இருக்க வேண்டும், அவர்கள் எண்ணை மற்றவர்கள் நம்பவும் வேண்டும். சுற்றுக்கு வரும் பெட்டி இரண்டுக்கும் உதவும். ஒரு சுத்தியலும் இரண்டு ஆக்சிலரோமீட்டரும் வைத்திருக்கும் சின்ன லேப், பெரிய லேபின் எண்ணோடு ஒத்துப்போகும் எண்ணைக் கொடுத்துவிட்டால் அதற்குப் பிறகு அவர்களை வெறும் தரவு சேகரிப்பவர்கள் என்று யாரும் ஒதுக்க முடியாது. ஒத்துப்போகாவிட்டால், எங்கே பிசகுகிறது என்று கண்டுபிடிக்க ஆட்களும் வழியும் கிடைக்கும்.

ஆக, அழைப்பின் வரைவில் நீங்கள் தொடவேண்டியது சில வரிகள்தான். முதல் ஆண்டுக்குள் பொதுப் பொருளின் சுற்று முடிய வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாம் ஆண்டுப் பணம் நிற்கும் என்று எழுதுங்கள். மூலத் தரவோடு சென்சார் பொருத்திய விதம், கடைசி அளவுத்திருத்தத் தேதி, அறையின் வெப்பநிலை, போல்ட்டின் முறுக்கு விசை, பொருளைத் தொங்கவிட்ட விதத்தைக் காட்டும் படம் எல்லாம் சேர்ந்தே வரட்டும். கோப்பு, அந்தந்த சாஃப்ட்வேர் கம்பெனியின் பூட்டிய வடிவத்தில் வேண்டாம். அதிர்வுத் தரவுக்கான பொது வடிவமான யுனிவர்சல் ஃபைல் 58 போல எதிலும் திறக்கக்கூடியதாக இருந்தால் போதும். எண்கள் ஒத்துப்போகாத ஆய்வகத்துக்குத் தண்டனை எதுவும் இல்லை என்பதையும் வெளிப்படையாகவே எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் எல்லோரும் பக்கத்து லேபின் எண்ணை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் தங்கள் எண்ணை அனுப்புவார்கள். பெட்டியின் பயணத்துக்குத் தனித் தலைப்பில் பணம் ஒதுக்குங்கள்.

வரைவு எழுதும் கட்டத்திலேயே தினமும் மெழுகும் சுத்தியலுமாக நிற்பவர்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு உட்காரவையுங்கள். பேராசிரியர்கள் வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் எந்த நிபந்தனை காகிதத்தில் மட்டும் நிற்கும், எது சோதனை மேடையில் நிற்கும் என்று அந்த இரண்டு பேர் சொல்லிவிடுவார்கள்.

இப்படிக்கு,
அளவீட்டு வேலை பார்க்கும் ஒரு பொறியாளர்